நீலசந்திரா: குழாயடியில் வளர்ந்த தமிழ்

நீலசந்திராவுக்கும் நிலாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதை முதல்லயே சொல்லிடறேன். ஊர்ப்பேரைக் கேட்டதும் 'ஆஹா, என்ன கவித்துவமான பேர்'னு உருகினவங்க நிறையப் பேரைப் பாத்திருக்கேன். பெங்களூரைச் சுத்தி திப்பசந்திரா, சிங்கசந்திரா, பொம்மசந்திரான்னு ஏகப்பட்ட சந்திராக்கள் உண்டு. 'சமுத்திரம்'ங்கிற சொல் தேய்ஞ்சு 'சந்திரா' ஆச்சுங்கிறதுதான் பொதுவா சொல்ற விளக்கம். சமுத்திரம்னா இங்க கடல் இல்லை, பெரிய ஏரி. நம்ம அம்பாசமுத்திரம் மாதிரின்னு வச்சுக்கோங்க. (நான் வளர்ந்த காலத்துல எங்க பக்கம் நிலாவும் சரியாத் தெரியாது, ஏரியும் கிடையாது. குழாயடி மட்டும்தான் :-))

ஆஸ்டின் டவுன், விவேக் நகர், ஆனேபாளையா, ஈஜிபுரா இதுக்கெல்லாம் நடுவுல நெருக்கியடிச்சு உக்காந்திருக்கிற பேட்டை அது. நான் பிறந்து வளர்ந்தது அங்கதான். இப்போ குப்பை கொட்டறது அமெரிக்காவுல, ஒஹாயோ மாநிலத்துல. இங்க நாலு தமிழ்க் குடும்பம் ஒண்ணு கூடினா, சாப்பாடு முடிஞ்சு காபி வர்ற நேரத்துக்கு ஒரு கேள்வி கண்டிப்பா வந்துடும்: 'நம்ம பசங்களுக்கு இதெல்லாம் நிக்குமா?' இதெல்லாம்னா தமிழ், பண்டிகை, சாப்பாடு, உறவுமுறை எல்லாம் சேர்த்து. என்னமோ நாமதான் உலகத்துலயே முதல் முதலா ஊரை விட்டுக் கிளம்பி வந்த தமிழர்கள் மாதிரி ஒரு கவலை.

ஊரை விட்டு வந்த தமிழ்க் குடும்பம் நாலஞ்சு தலைமுறையில என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க ஆசைப்பட்டா, அதுக்கு நீலசந்திரா மாதிரி ஒரு உதாரணம் கிடைக்காது. அந்தக் கதையைத்தான் இன்னைக்கு எழுதலாம்னு உக்காந்திருக்கேன்.

ராணுவம் கூட்டிட்டு வந்த கூட்டம்

1799ல திப்பு சுல்தான் விழுந்தப்புறம் ஆங்கிலப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்துல இருந்துச்சு. அங்க காய்ச்சல் தொல்லை தாங்கலை. அதனால 1809ல படையைப் பெங்களூருக்கு நகர்த்தினாங்க. பழைய பெங்களூர்ப் பேட்டைக்குக் கிழக்கே, அல்சூர் ஏரிப் பக்கம், கண்டோன்மென்ட் முளைச்சுது. வந்தது மெட்ராஸ் ராணுவம். சிப்பாய்ல பெரும்பகுதி தமிழும் தெலுங்கும் பேசறவங்க. சிப்பாய் வந்தா சமையல்காரர், வண்ணார், தச்சர், கொத்தனார், குதிரைக்காரர், பால்காரர் எல்லாரும் பின்னாலயே வரணும் இல்லையா? வந்தாங்க. இன்னைக்கும் அல்சூர்ப் பக்கம் இருக்கிற மெட்ராஸ் சாப்பர்ஸ் படைக்காரங்களுக்கு ராணுவத்துல செல்லப்பேரு 'தம்பி'. எந்த மொழிக்காரனா இருந்தாலும் அங்க சேர்ந்தா தம்பிதான்.

சுத்துப்பட்டுப் பேரைப் பாத்தாலே வந்தவங்க யாருன்னு தெரிஞ்சிடும். எங்க பேட்டைக்குப் பக்கத்துல ஒரு வண்ணாரப்பேட்டை இருக்கு. கொஞ்சம் தள்ளி 'சூலே'ன்னு சொல்ற இடம், நம்ம செங்கல் சூளைதான். கட்டடம் கட்டினவங்களும் துணி வெளுத்தவங்களும் தங்கின இடத்துக்குத் தமிழ்லயே பேர் நின்னுபோச்சு.

1864ல ஜோலார்பேட்டையில இருந்து பெங்களூர் கண்டோன்மென்ட்டுக்கு ரயில் வந்துச்சு. இதுதான் பெரிய திருப்பம். வட ஆற்காட்டுக்காரனுக்கு அதுவரைக்கும் பெங்களூர்னா பல நாள் நடை. ரயில் வந்தப்புறம் மூட்டையைக் கட்டினா மறுநாள் வேலை. 1876-78 பெரும் பஞ்சம், 1880கள்ல கோலார் தங்கவயல், 1884ல தொடங்கின பெரிய துணி ஆலைன்னு ஒவ்வொண்ணும் ஒரு கூட்டத்தைக் கூட்டிட்டு வந்துச்சு.

1881ல மைசூர் ராஜ்யத்தை உடையாருக்குத் திருப்பிக் கொடுத்தப்போகூட, கண்டோன்மென்ட்டை ஆங்கிலேயர் விடலை. ஆக ஒரே ஊருல ரெண்டு ஊர். மேற்கே மகாராஜாவோட பெங்களூர் நகரம், கிழக்கே ஆங்கிலேயரோட கண்டோன்மென்ட். ரெண்டுக்கும் தனித்தனி நகராட்சி, தனித்தனி போலீஸ். 1901 கணக்கெடுப்புல நகரத்துல 69,447 பேர், கண்டோன்மென்ட்ல 89,599 பேர். வந்து குடியேறின பக்கம்தான் பெரிசு! 1947 ஜூலைலதான் கண்டோன்மென்ட் மைசூர் அரசாங்கத்து கைக்குப் போச்சு. 1949ல ரெண்டு நகராட்சியும் ஒரே மாநகராட்சி ஆச்சு.

எங்க கொள்ளுத்தாத்தா முதல் உலகப்போர் சமயத்துல குடியாத்தத்துல ரயிலேறினவர். ராணுவ மெஸ்ல பாத்திரம் தேய்க்கிற வேலை. கண்டோன்மென்ட்டோட தெற்கு ஓரத்துல வாடகை குறைச்சல்ங்கிறதால நீலசந்திரா. அவ்வளவுதான் எங்க 'புலம்பெயர்வு' வரலாறு. கலாசாரத்தைக் காப்பாத்தணும்னு அவர் எதுவும் திட்டம் போட்டதா வீட்டுல யாரும் சொன்னதில்லை :-)

எட்டு வீடு, ஒரு குழாய்

எங்க வீடு ஒரு வட்டாரத்துல இருந்துச்சு. கன்னடத்துல 'வடாரா'. ஒரு பொது வாசல், நடுவுல முற்றம், ரெண்டு பக்கமும் வரிசையா ஒத்தை அறை வீடுங்க. மெட்ராஸ்ல ஒண்டுக்குடித்தனம்னு சொல்வாங்களே, அதுக்கு அண்ணன் தம்பி. எட்டு குடித்தனம், ஒரு குழாய், ரெண்டு கக்கூஸ். வாடகைக்கும் இருக்கலாம், போக்கியத்துக்கும் இருக்கலாம். போக்கியம்னா ஒரு மொத்தத் தொகையை வீட்டுக்காரர் கையில கொடுத்துட்டு, வாடகையே இல்லாம இருந்துட்டு, காலி பண்றப்போ பணத்தைத் திருப்பி வாங்கிக்கறது. பெங்களூர்ல 'லீஸ்'னு சொன்னாலே பலபேருக்கு இதுதான் அர்த்தம்.

எட்டு வீட்டுல நாலு தமிழ், ரெண்டு தக்னி உருது பேசற முஸ்லிம் வீடு, ஒண்ணு தெலுங்கு, ஒண்ணு கன்னடம். எங்க ஆயா (அப்பாவைப் பெத்தவங்க, வட ஆற்காட்டுல பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) பள்ளிக்கூடத்துல படிச்சது தமிழ் மட்டும். ஆனா குழாயடியில நாலு மொழியிலயும் சண்டை போடுவாங்க. பக்கத்து வீட்டு ஆப்பா 'நக்கோ'ன்னா வேணாம்னு எனக்கு மூணு வயசுலயே தெரியும். அந்த ஆப்பாவுக்கும் எங்க வீட்டுச் சாவு, கல்யாணம், சீட்டு எல்லாமே தமிழ்லயே புரியும். தமிழ் பேசு தமிழ் பேசுன்னு எங்களை யாரும் அதட்டினதில்லை. தமிழ் பேசாட்டி தண்ணி பிடிக்க முடியாது, கடன் சொல்லிக் கடையில சாமான் வாங்க முடியாது. பேச்சு நின்ன காரணம் அதுதான்.

பிதுக்கினா பருப்பு, ஹிதுக்கினா பேளே

மார்கழி, தை மாசத்துல பெங்களூர் பூரா அவரைக்காய் வாசனை அடிக்கும். அவரைக்கொட்டையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில ஒவ்வொண்ணா விரலால பிதுக்கித் தோலை எடுத்து, உள்ள இருக்கிற பருப்பைக் குழம்பு வைப்பாங்க. எங்க வீட்டுல அது பிதுக்கம்பருப்பு. வேலூர், குடியாத்தம், கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாப் பக்கமும் இந்தப் பேர்தான். முற்றத்துல எதிர் வீட்டுக் கன்னடத்து அம்மா அதையே 'ஹிதுகு பேளே'ன்னு சொல்வாங்க.

ரெண்டும் ஒரே சொல்லுன்னு எனக்கு ரொம்ப வருஷம் கழிச்சுதான் உறைச்சுது. பழைய கன்னடத்துல சொல்லுக்கு முன்னாடி 'ப' இருந்த இடத்துல பின்னால 'ஹ' வந்துடுச்சு. பால் - ஹாலு, புலி - ஹுலி, பூ - ஹூவு, பல் - ஹல்லு. அதே கணக்குல பிதுக்கு - ஹிதுக்கு. மொழியியல் புத்தகம் எதுவும் வேண்டாம், முறத்துல உக்காந்து பிதுக்கினாலே போதும்.

பண்டிகையும் இப்படித்தான். யுகாதிக்கு வேப்பம்பூவும் வெல்லமும் வாயில போட்டுக்குவோம். மறுநாள் 'வருஷதொடகு'ன்னு கன்னடத்துக்காரங்க கறி சமைப்பாங்க. கறிக்கடை வரிசையில எங்க அப்பாவும் நிப்பார். ரெண்டு மூணு வாரம் கழிச்சு சித்திரை ஒண்ணுக்கு இன்னொரு தடவை புது வருஷம். சங்கராந்திக்கு கன்னட வீட்டுல இருந்து எள்ளும் வெல்லமும் கொப்பரையும் கலந்த தட்டு வரும், எங்க வீட்டுல இருந்து பொங்கல் போகும். ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தினா வட்டாரத்துல எல்லா வீட்டுக்கும் ஒரு சொம்பு உண்டு. கூழுக்கு மட்டும் ஜாதி மதம் மொழி எதுவும் கிடையாது. கேழ்வரகு கர்நாடகத்துல இருந்து வந்துச்சு, கூழ் வட ஆற்காட்டுல இருந்து வந்துச்சு, சொம்பு யார் வீட்டுதுன்னு சாயங்காலம்தான் தெரியும்.

'நம்ம பாரம்பரியம்'னு நான் நினைச்சுக்கிட்டு இருந்ததுல பாதி, குடியாத்தத்துல இருக்கிற எங்க சொந்தக்காரங்களுக்குத் தெரியவே தெரியாது. அவங்க எங்களைப் 'பெங்களூர்க்காரங்க'ன்னு சொல்வாங்க. பெங்களூர்ல எங்களைத் 'தமிழ்க்காரங்க'ன்னு சொல்வாங்க. இந்த அனுபவம் இங்க படிக்கிற பலபேருக்குப் புதுசா இருக்காதுன்னு நினைக்கிறேன்.

சாக்குத்துணிக்குள்ள எழுத்து

இனிமே கொஞ்சம் கனமான பகுதி.

குழாயடின்னு சொன்னேனே, அந்தக் குழாய்ல வந்த தண்ணி எதுன்னு பாருங்க. 1896ல ஹெசரகட்டாவுல இருந்து, 1933ல திப்பகொண்டனஹள்ளியில இருந்துன்னு, முதல்ல பெங்களூருக்கு வந்தது அர்க்காவதி ஆத்துத் தண்ணி. அர்க்காவதி போய்ச் சேர்ற இடம் காவிரி. 1974ல காவிரித் திட்டத்தோட முதல் கட்டம் முடிஞ்சு, காவிரித் தண்ணியே நேரா வர ஆரம்பிச்சுது. சுமார் 100 கிலோமீட்டர் தூரம், சுமார் 500 மீட்டர் உயரம் மேல ஏத்திக் கொண்டு வர்ற தண்ணி. ஆக, எங்க ஆயா குடத்துல பிடிச்சதும் காவிரிதான்.

1991 ஜூன்ல காவிரி நடுவர் மன்றம் இடைக்காலத் தீர்ப்பு கொடுத்துச்சு. டிசம்பர்ல மத்திய அரசு அதை அரசிதழ்ல வெளியிட்டதும், 12, 13 தேதிகள்ல பெங்களூர்ல தமிழர்கள் மேல வன்முறை வெடிச்சுது. உயிர் போச்சு, வீடுகள் எரிஞ்சுது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஓசூர் வழியா தமிழ்நாட்டுக்கு ஓடினாங்க. எனக்கு அப்போ 11 வயசு. எங்க வட்டாரத்துக்கு ஒண்ணும் ஆகலை. எதிர் வீட்டுக் கன்னடத்து அம்மா ரெண்டு ராத்திரி பொது வாசல்ல பாய் போட்டு உக்காந்திருந்தாங்க, யாராவது வந்தா முதல்ல அவங்க பேசறதுக்கு.

அந்த வாரம் நான் பாத்ததுல மறக்காதது வேற ஒண்ணு. எங்க தெருவுல தமிழ் எழுத்து இருந்த கடைப் பலகை எல்லாத்து மேலயும் சாக்குத்துணி ஏறிடுச்சு. பேச்சைக் குரலைத் தாழ்த்திப் பேசிக்கலாம், பஸ்ல ஏறினா கன்னடத்துக்கு மாத்திக்கலாம். எழுத்தை அப்படிப் பண்ண முடியாது, அது சுவத்துல நிக்குது. கொஞ்ச நாள்ல சாக்கு இறங்கிச்சு. ஆனா எங்க தெருவுல பல பலகையில தமிழ் திரும்ப வரலை, அடுத்த தடவை பெயின்ட் அடிக்கிறப்போ கன்னடமும் இங்கிலீஷும் மட்டும் எழுதிக்கிட்டாங்க.

அல்சூர் ஏரி பக்கத்துல திருவள்ளுவர் சிலைக்கும் அதே கதி. 1991ல திறக்க வேண்டிய சிலை எதிர்ப்பால நின்னுபோய், பதினெட்டு வருஷம் மூடியே கிடந்துச்சு. 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி கருணாநிதியும் எடியூரப்பாவும் இருந்து திறந்தாங்க. நாலு நாள் கழிச்சு சென்னை அயனாவரத்துல கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறந்தாங்க. 2016 செப்டம்பர்ல காவிரிக்காக மறுபடியும் பஸ்கள் எரிஞ்சுது. 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புல, பெங்களூர்க் குடிதண்ணிக்குன்னு தனியா 4.75 டிஎம்சி ஒதுக்கினாங்க. அதைக் குடிக்கிறதுல நீலசந்திராத் தமிழர்களும் சேர்த்திதான்.

மீன் குளம்பு

சண்டையால மட்டும் எழுத்து போகலை. எங்க குடும்பத்தையே வரிசையா நிறுத்திப் பாக்கறேன். ஆயா கண்டோன்மென்ட்ல ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துல அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க, தினத்தந்தியை விளம்பரம் விடாம படிப்பாங்க. அப்பா ஆரம்பத்துல தமிழ், அப்புறம் இங்கிலீஷ் மீடியம். நாங்க முழுக்க இங்கிலீஷ் மீடியம், இரண்டாம் மொழி கன்னடம். பெங்களூர்ல வேலை கிடைக்க அதுதானே வழி, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஆயாவுக்குக் குடியாத்தத்துல இருந்து இன்லேன்ட் லெட்டர் வர்ற வரைக்கும் வீட்டுல தமிழ் எழுத்துக்கு ஒரு வேலை இருந்துச்சு. கண்ணு மங்கினப்புறம் என்னைப் படிக்கச் சொல்வாங்க, அப்படித்தான் எனக்குத் தமிழ் எழுத்துப் பழகுச்சு. பக்கத்துலயே எஸ்டிடி பூத் வந்துச்சு, கடுதாசி நின்னுச்சு. எனக்குப் பின்னால பிறந்த ஒருத்தருக்கும் எங்க வீட்டுல தமிழ் படிக்கத் தெரியாது.

பேச்சு மட்டும் அப்படியே இருக்கு! என் சித்தப்பா பொண்ணு இன்னைக்கும் நீலசந்திராவுலதான் இருக்கா. அவ பேசற தமிழ் நான் இங்க பேசறதை விட நூறு மடங்கு உயிரா இருக்கும். எழுதணும்னா கன்னட எழுத்துல எழுதுவா. இன்றைய கன்னடத்துல 'ழ' கிடையாது, 'ள' மட்டும்தான். அதனால அவளோட சமையல் நோட்டுல இருக்கிறது 'மீன் குளம்பு'. (மீனுக்கு ஏதுடி குளம்புன்னு கேட்டேன். சாப்பிட்டுட்டுப் பேசுன்னு சொன்னா. நியாயம்தான்.)

எங்க வட்டாரத்துல தமிழ் எழுத்து தங்கின இடம் ஒண்ணே ஒண்ணு, கிறிஸ்தவ வீடுங்க. விவேக் நகர் குழந்தை ஏசு கோயில் பக்கத்துலயே இருக்கு, அங்க தமிழ்லயும் பூசை உண்டு. பூசைக்குப் போனா பாட்டுப் புஸ்தகத்தைத் திறந்து பாடணும். வாரா வாரம் கையில தமிழ் எழுத்து. அந்த வீட்டுப் பிள்ளைகளும் இங்கிலீஷ் மீடியம்தான், கன்னடம்தான் இரண்டாம் மொழி. ஆனா எழுத்துக்கு வாரத்துல ஒரு நாள் வேலை இருந்துச்சு, அதனால எழுத்து நின்னுச்சு.

நம்ம கதை தலைகீழ்

இப்போ ஒஹாயோவுக்கு வர்றேன். இங்க ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பள்ளியில என் பொண்ணு உயிரெழுத்து, மெய்யெழுத்து, உயிர்மெய் எல்லாம் மணிமணியா எழுதுவா. 'ழ'வுக்கும் 'ள'வுக்கும் வித்தியாசம் கேட்டா டாண்ணு சொல்வா. திங்கட்கிழமையில இருந்து சனிக்கிழமை வரைக்கும் தமிழ்ல பேச அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. அங்க என் சித்தப்பா பொண்ணுக்குப் பேச்சு இருக்கு, எழுத்து இல்லை. இங்க என் பொண்ணுக்கு எழுத்து இருக்கு, பேச்சு இல்லை.

எங்க பேட்டை வரலாற்றுல இருந்து எனக்குப் புரிஞ்சது இதுதான். நாலு தலைமுறையில எங்க வீட்டுல நின்னது எல்லாம் ஒரு வேலை இருந்ததால நின்னுச்சு. போனதெல்லாம் வேலை போனதால போச்சு. 'இது நம்ம பாரம்பரியம்'னு சொல்லிச் சொல்லி நின்னதா ஒண்ணுகூட ஞாபகம் வரலை. தமிழ்ப் பள்ளி வேண்டாம்னு சொல்லலை, அது பெரிய உதவி, அங்க நேரம் செலவழிக்கிற பெற்றோர்களுக்குக் கோயில் கட்டலாம். ஆனா மீதி ஆறு நாளைக்கு வீட்டுல நாமதான் வேலை கொடுக்கணும்.

நான் இப்போ செய்யறது சின்னச் சின்னது. மளிகைச் சீட்டு தமிழ்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுறேன், கடையில அதைப் படிச்சு எடுத்துத் தர்றது பொண்ணு வேலை. நீலசந்திராவுக்கு வாரம் ஒரு தடவை போன் பண்ணி அத்தைகிட்ட ஒரு சமையல் கேக்கறதும் அவ பொறுப்பு, நான் நடுவுல மொழிபெயர்க்க மாட்டேன். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியும், ஆனா தெரியாத மாதிரி இருக்கச் சொல்லி வச்சிருக்கேன் :-) இவ கேட்டதைத் தமிழ்ல எழுதி அத்தைக்கு அனுப்பறா. அத்தையும் இப்போ போன்ல தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சிருக்கா.

போன வாரம் இந்தியன் ஸ்டோர்ல உறைய வச்ச பாப்டி லில்வா ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வந்தேன். நம்ம அவரைக்கொட்டைக்குக் கிட்டத்தட்ட சொந்தக்காரன். ஊறவச்சு, மேஜை மேல கொட்டி, வீட்டுல எல்லாரும் பிதுக்கினோம். ஒரு மணி நேரம் ஆச்சு. அந்த ஒரு மணி நேரமும் போன் ஸ்பீக்கர்ல அத்தை 'மெல்லமா பிதுக்கு, பருப்பு ஒடையுது'ன்னு கத்திக்கிட்டே இருந்தா.

உங்க வீட்டுலயும் உங்க ஊருக்கும் வந்து சேர்ந்த ஊருக்கும் நடுவுல பிறந்த சொல்லும் சமையலும் கண்டிப்பா இருக்கும். ராஞ்சியோ, ரங்கூனோ, தாராவியோ, டர்பனோ. ஆயாவோ அம்மாச்சியோ இருக்கிறப்பவே கேட்டு எழுதி வச்சுக்கோங்க. 'ழ' வரலைன்னாலும் பரவாயில்லை.